கூப்பிட்டால்தான் மாப்பிள்ளை

ஜூன் 3, திங்கள்

சுகந்திக்குக் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மடியில் வைத்துக்கொள்கிற வகை. பெட்டியைப் பிரிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். "மாப்ள, கொஞ்சம் முன்னால வாங்க" என்று மாமனாரே குரல் கொடுத்தார். போன வாரம் முழுக்க இந்த வீட்டில் நான் வெறும் "அவரு". அவரு சாப்ட்டாச்சா, அவர கேஸ் புக் பண்ணச் சொல்லு, அவரு சும்மாதான இருக்காரு. கோபியில் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு வீட்டோடு மாப்பிள்ளையாகப் பெருந்துறைக்கு வந்த அன்றைக்கு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

மாமனார் நாச்சிமுத்து வீட்டு முன்னறையில் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறார். ஒரு கம்ப்யூட்டர், வைஃபையில் ஓடும் ஒரு பிரிண்டர். நாள் முழுக்க ஜாதகம் அடித்துத் தள்ளுவார். எண் கணிதத்தில் பைத்தியம். அவர் எண் ஐந்து. வண்டி நம்பர், போன் நம்பர் எதுவானாலும் கூட்டினால் ஐந்து வரவேண்டும். வைஃபையில் சேரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு என்று முன்பொரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அந்த எண்களையும் அவர்தான் கொடுக்கிறார். ரவுட்டரே தானாகக் கொடுத்துவிடும் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"சுகந்தி பொறந்தது பதினாலாந்தேதி. கூட்டுனா அஞ்சு. பதினாலே போட்டு உடுங்க மாப்ள."

போட்டேன். நெட் வந்தது. கேட்காமலே காப்பியும் வந்தது.

சுகந்தி என் மனைவி கோகிலாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் திரும்பி வந்தவள். அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது. மெடிக்கல் கோடிங் என்கிறார்கள். ஜூலை நடுவில் ஒரு பரீட்சை. தேறிவிட்டால் வேலை நிரந்தரம், சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம். தேறாவிட்டால் மறுபடி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தள்ளிவிடுவதென்று மாமனார் முடிவு செய்திருக்கிறார்.

ஜூன் 5, புதன்

சுகந்திக்கு இரண்டு முறை நெட் அறுந்தது. இரண்டு முறையும் என்னைக் கூப்பிட்டார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், வந்தது. மதியம் தட்டில் அப்பளம் இரண்டு.

ஜூன் 10, திங்கள்

காலையிலிருந்து ஒரே கூத்து. சுகந்திக்கு நெட் வந்தால் மாமனாருக்கு ஜாதகம் அடிக்க மாட்டேன் என்கிறது. ஜாதகம் அடித்தால் சுகந்திக்குப் படுத்துக்கொள்கிறது. நானும் வயரை மாற்றினேன், ரவுட்டரை அலமாரியின் மேல் தூக்கி வைத்தேன், பிறகு இறக்கி வைத்தேன். கடைசியில் பிரிண்டரின் சின்னத் திரையைத் தட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அதன் எண்ணும் பதினாலு. அதையும் மாமனார் சொல்லி நான்தான் போட்டிருக்கிறேன், மறந்துவிட்டேன். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் கதவைத் திறக்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒன்றை இருபத்திமூன்று என்று மாற்றினால் தீர்ந்தது. அதையும் கூட்டினால் ஐந்துதான், மாமனாருக்கும் குறையிராது. சொல்லலாம் என்று முன்னறைக்குப் போனேன். பெண் வீட்டார் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "இவரு யாருங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கறவருதானுங்க" என்றார் மாமனார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மூணு டீ சொல்லிட்டு வந்துருங்க."

டீ சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். ஒரு நாளில் குடி முழுகிவிடாது.

ஜூன் 18, செவ்வாய்

இந்த ஒரு வாரமாக நான் இந்த வீட்டில் மனுஷன். காலையில் இரண்டு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஜாதகம் வாங்க ஆள் வரும்போது ஒரு தரம் என்று கூப்பிடுகிறார்கள். "மாப்ள, செத்த வாங்க." "மச்சான், மறுக்கா போயிருச்சுங்க." நானும் ஓடிப்போய் நிற்பதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். வயர் முனையைப் பிடுங்கி ஊதுகிறேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "லைன்ல ஏத்த இறக்கம் இருக்குது" என்கிறேன். பிறகு பிரிண்டரை அணைக்கிறேன், சுகந்திக்கு வந்துவிடுகிறது. மாமனாருக்கு ஜாதகம் வேண்டுமென்றால் சுகந்தியின் வைஃபையை அணைக்கிறேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பு என் தட்டில் விழுந்தது. கல்யாணமான புதிதில் விழுந்தது, இப்போதுதான் மறுபடி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதுவதற்கு என்ன வெட்கம்?

இன்று சுகந்தியின் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இதே எண்ணை வேறொரு கருவியும் வைத்திருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும் பெட்டி.

"இது என்னமோ சொல்லுதுங்களே மச்சான்?"

"அது சும்மா வரும் அம்மணி. மூடிரு."

மூடிவிட்டாள். நல்ல பெண். சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

ஜூன் 25, செவ்வாய்

சுகந்திக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. வேலை நேரத்தில் அடிக்கடி காணாமல் போகிறாள் என்று. மேலதிகாரி ஒரு பெண். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வீட்டு வேலை பார்க்கப் போய்விடுகிறாயா என்று கேட்டிருக்கிறாள். போனில் இருக்கும் நெட்டில் வேலை செய்யக் கூடாதென்பது அந்தக் கம்பெனியின் சட்டம். அதனால் வேறு வழியும் இல்லை.

சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டே அழுதாள். "எனக்கு சென்னை மேல ஆசையெல்லாம் இல்லீங்க மச்சான். அப்பா இன்னொருக்கா கட்டிக் குடுத்துருவாருங்க. இன்னொரு வீட்டுல போயி நான் என்னன்னு இருப்பேன்? இந்த வீட்டுல எனக்காவ ஓடியாடிப் பாக்கறது நீங்க ஒருத்தருதானுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது. உடனே போய் அவள் எண்ணை இருபத்திமூன்றாக மாற்றிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

நேற்று, இன்று, இரண்டு நாளும் நெட் ஒரு தரம்கூட அறுந்துபோகவில்லை. ஜாதகம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, சுகந்தி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறாள். சிரித்துப் பேசினாள். என்னோடு அல்ல, போனில் யாரோ கூட வேலை செய்யும் பெண்ணோடு.

எனக்கு ரேஷன் கடை வரிசை. அதற்குப் பிறகு மாமனாரின் வண்டிக்குக் காற்றடிக்கிற வேலை. மதியம் நான் வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டாயிற்று. "அவரு வந்தா போட்டுக்குவாருன்னு மூடி வெச்சிருக்குது" என்று உள்ளேயிருந்து கோகிலாவின் குரல் வந்தது. அவள் என் மனைவி. அடிக் குழம்பில் வெறும் புளிதான் இருந்தது.

சாயங்காலம் சுகந்தி தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் மறுபடி பதினாலு போட்டுவிட்டேன். அவளாகவே அழைக்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

அழைத்தாள்.

ஜூலை 4, வியாழன்

நெட் கம்பெனியிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள் சுகந்தி. என்னைக் கேட்காமல். "உங்களுக்கு எதுக்குங்க மச்சான் செரமம்னுதான்" என்றாள். இத்தனை நாள் பட்ட சிரமம் கண்ணுக்குத் தெரியவில்லையாக்கும். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வந்தவர் லைனைச் சோதித்தார், ரவுட்டரைச் சோதித்தார், சுகந்தியின் கம்ப்யூட்டரில் ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாம் ஜோராக ஓடியது. "லைன்ல ஒரு கொறையும் இல்லீங்களே, எதுக்குங்க கூப்ட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் இருந்த நேரம் முழுக்க பிரிண்டர் அணைந்திருந்தது. நான்தான் அணைத்து வைத்தேன். சும்மா கிடப்பதற்குக் கரண்ட் எதற்கு?

மாமனார் சுகந்தியைப் பிடித்துக்கொண்டார். "லைன் நல்லாத்தான் இருக்குதாமா. வேலைய ஒழுங்காச் செய்யாம நெட்டு மேல பழி போடறயா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் மோட்டார் போடப் போய்விட்டேன்.

ஜூலை 8, திங்கள்

மாமனார் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஜாதகம் அடிக்கும் நேரத்தில் சுகந்தி நிறுத்திக்கொள்ள வேண்டும். "சோறு போடறது ஜாதகம். அதுக்கப்பறம்தான் உன்ற அமெரிக்கா." வரும் ஆடி முடிந்தால் ஆவணியில் முகூர்த்தம் நிறைய. அதனால் இப்போது முன்னறையில் கூட்டம். சுகந்தி கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது அடித்து முடிப்பார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டது.

கோகிலா ராத்திரி என்னிடம் கேட்டாள். "ஏனுங்க, உங்களால நெசமாவே முடியலீங்களா? கோபில நூறு கம்ப்யூட்டர மேச்சவருதான நீங்க?"

நூறு எல்லாம் இல்லை, பன்னிரண்டுதான். ஆனால் அவள் நூறு என்று சொன்னது நன்றாக இருந்தது. "பழைய வீடு, செவுரு ஊடால சிக்னல் சரியா வர்றதில்ல" என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்றுதான் சுகந்திக்குப் பரீட்சை. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரே மூச்சில் எழுத வேண்டும். நடுவில் அறுந்தால் அதோடு சரி, மறுபடி உள்ளே போக முடியாது. மாமனார் காங்கயம் போயிருந்தார், கோகிலா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டாள். முன்னறை பூட்டிக் கிடந்தது. பிரிண்டர் இல்லை, ஜாதகம் இல்லை. சுகந்தி தலைக்குக் குளித்து, விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு நீங்க பக்கத்துலயே இருந்துக்குங்க மச்சான். தைரியமா இருக்கும்" என்றாள். இருந்தேன்.

பாதிப் பரீட்சையில் மாமனார் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, சுகந்தி ஜாதகத்துல ஒரு காப்பி அடிச்சு வைங்க. காங்கயத்துல ஒரு எடம் அமைஞ்சிருக்குது. குழந்தைவேலுன்னு பேரு, பொண்டாட்டி தவறிட்டா. தோட்டம் தொரவு எல்லாம் இருக்குது. ஆடி பொறக்கறதுக்குள்ள பேசி முடிக்கோணும். கையோட கூட்டிட்டு வர்றேன், வந்தோன்ன குடுக்கோணும்."

அவர்கள் வந்து சேர மதியமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். பரீட்சை அதற்குள் முடிந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் மாப்ள, மாப்ள என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! இதையாவது சொன்னவுடன் செய்து வைத்தேன் என்று இருக்கட்டுமே. முன்னறையைத் திறந்து பிரிண்டரைப் போட்டேன். அது இரண்டு முறை உறுமிவிட்டு அடிக்க ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து, "மச்சான்!" என்று ஒரே ஒரு சத்தம்.

நான் ஜாதகம் முழுதும் வெளியே வரும்வரை நின்று, மடிப்பு விழாமல் உறையில் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஜூலை 13, சனி

வேலை போய்விட்டது. கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நான்தான் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தமாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோயிலில் சுருக்கமாகக் கல்யாணம் முடிந்தது. குழந்தைவேலு ஆள் கருப்பு, பருமன், அதிகம் பேசுவதில்லை. கூட வந்த அவருடைய அத்தைக்காரி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசினாள். "எங்கூட்டுக்கு வந்தாச்சு, இனி கம்ப்யூட்டரு கிம்ப்யூட்டருன்னு ஒக்காந்திரக் கூடாது."

காரில் ஏறும் முன் சுகந்தி என் காலில் விழுந்தாள். "எனக்காவ நீங்க பட்ட பாட்ட மறக்க மாட்டனுங்க மச்சான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 11, புதன்

வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. இன்று கேஸ் வந்தது, "அவரு" இறக்கி வைத்தார்.

அக்டோபர் 14, திங்கள்

சுகந்தி போன் செய்தாள். கோகிலாவுக்கு அல்ல, எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

கூட வேலை பார்த்த அந்தப் பெண் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைச் சுகந்திக்கு அனுப்பியிருக்கிறாள். புதிதாக ஒரு கம்பெனியில் சொல்லியும் வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் பரீட்சை. குழந்தைவேலுவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாயிற்று. ஒரு தடவை எழுதிப் பார், கிடைக்கவில்லையென்றால் அதோடு தலைமுழுகிவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"போனு வைஃபைல நல்லா ஓடுதுங்க மச்சான். கம்ப்யூட்டரும் சேந்துக்குது. ஆனா ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குதுங்க. தோட்டத்துல போனு சிக்னலும் கெடையாது, இப்ப பேசறதும் வைஃபைலதானுங்க, இந்த வைஃபைய உட்டா வேற கதியில்லீங்க."

கேட்ட உடனேயே புரிந்துவிட்டது. அந்தப் பெண் தன் வீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் அது செல்லாது. தானாக எண் எடுத்துக்கொள் என்று ஓரிடத்தில் மாற்றிவிட்டால் போதும். போனிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

"நேர்ல பாத்தாத்தான் தெரியும் அம்மணி" என்றேன்.

"புதங்கெழமைக்குள்ள வந்துருவீங்களா?"

அதற்குள் குழந்தைவேலு போனை வாங்கிக்கொண்டார். "வாங்க சகல. ஒரு தடவகூட வந்ததில்லீங்களே. இப்ப வந்தா சாம்பாருதான், எங்கூட்டுல புரட்டாசி முடிய கறி எடுக்கறதில்ல. அதுக்கப்பறம் வந்தீங்கன்னா வெள்ளாட்டங்கறியே போட்டறலாம்." சிரித்தார். மனுஷன் பேசவே மாட்டார் என்று நினைத்திருந்தேன். என்னிடம் நன்றாகவே பேசுகிறார்.

அக்டோபர் 16, புதன்

போகவில்லை. காலையில் தூறிக்கொண்டிருந்தது. முழங்காலும் சரியில்லை. புரட்டாசி இந்த வாரத்தோடு முடிகிறது. முறையாக, ஒரு மாப்பிள்ளை போவதுபோல ஞாயிற்றுக்கிழமை போனால்தான் மரியாதை. சுகந்தி ஏழெட்டுத் தடவை கூப்பிட்டாள். எடுத்தால் என்ன சொல்வது? எடுக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இன்று போன் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காங்கயம் போய்வந்தேன். கோகிலாவுக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை, அதனால் நான் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி வந்தது. இறங்கியதும் கால் கழுவச் சொம்பில் தண்ணீர். திண்டு வைத்த நாற்காலி. அந்த அத்தைக்காரி, "மாமனாரு ஊட்டுப் பெரிய மாப்ள" என்று அக்கம்பக்கத்தில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழந்தைவேலு நான் உட்காரும்வரை உட்காரவில்லை. நாலு வருடமாக என் உடம்பில் எங்கோ மடங்கிக் கிடந்தது ஒன்று நிமிர்ந்ததுபோல் இருந்தது.

சுகந்தி இளைத்திருக்கிறாள். "வாங்க மச்சான்" என்றாள். பரீட்சையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தைவேலுதான் சொன்னார். "அன்னைக்குப் பூரா அந்தப் பொட்டிக்கு முன்னாலயே ஒக்காந்துட்டிருந்தா சகல. அழுகாச்சி வேற. சொன்ன சொல்லு சொன்னதுதான், இனி அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டேன். பொட்டிய நான் ரேக்ளா பந்தயம் பாக்க வெச்சுக்கறேன்."

உட்கார்ந்து மாற்றினேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்ததால் கொஞ்சம் இழுத்துத்தான் செய்தேன். நெட் வந்தது. காளைகள் திரையில் ஓடின. அத்தைக்காரி கை தட்டினாள்.

சுகந்தி கதவோரம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத நீங்க போன்ல சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பனுங்களா மச்சான்?"

"உனக்கு வராது அம்மணி. இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்."

"செரிங்க" என்றாள். நம்பிவிட்டாள். இப்படி நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏனோ கோபம் வருகிறது.

வெள்ளாட்டுக் கறி, ரத்தப் பொரியல், தலைவாழை இலை. வெயில் தாழும்வரை படுத்துத் தூங்கி எழுந்தேன். கிளம்பும்போது ரோட்டு வரைக்கும் சுகந்திதான் கூட வந்தாள். கையில் ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்தாள். திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மச்சான், அந்தக் கம்பெனில பாவம் பாத்து, நாளான்னைக்கு மறுக்கா எழுதச் சொல்லியிருக்காங்க. காத்தால பதனோரு மணிக்கு. இவருக்குத் தெரியாதுங்க. அந்நேரம் தோப்புக்குப் போயிருவாரு. இதான் கடைசி. நெட்டு நிக்காம இருக்குமில்லீங்க?"

"நிக்காது" என்றேன்.

அவள் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பை நான் பெருந்துறையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மதியம் நான் தூங்குவதற்கு அவள் பாய் விரிக்கப் போயிருந்த நேரத்தில் ரவுட்டரில் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தினமும் காலை பத்து மணிக்கு நெட் நிற்கும், மதியம் தானாக வரும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் செய்தேன். மாற்றுவதற்கான பாஸ்வேர்டையும் புதிதாகப் போட்டுவிட்டேன், அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பரீட்சை விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். எதை மறந்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்பார்கள், என்ன சொல்வது? பஸ்ஸும் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தது.